பரண் கட்டில் செய்வதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் 10-க்கு 11 அடி அறையில், அப்போது எட்டு வயதாகியிருந்த மகளுக்காக ஒரு பரண் கட்டில் செய்து வைத்தோம். மேலே படுக்கை, கீழே படிப்பு மேசை. அதைப் பார்க்க வந்த உறவினர்களும் பக்கத்து வீட்டார்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தச்சன் அல்லன். தச்சர் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், சில தவறுகளைச் செய்து பிறகு திருத்தியவன். அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் தருகிறேன். மரக்கடையில் இன்றும் அவைதாம் புழங்குகின்றன.

1. பரண் கட்டில் என்றால் பங்க் பெட்தானே?

இல்லை. பங்க் பெட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள் இருக்கும். பரண் கட்டிலில் மேலே மட்டுமே படுக்கை. கீழே உள்ள இடம் மேசைக்கோ, அலமாரிக்கோ, விளையாட்டுக்கோ விடப்படுகிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதற்குப் போட்டதும் பரண்தான், பழைய பித்தளைப் பாத்திரங்களை ஏற்றி வைப்பதும் பரண்தான் என்பதால், இந்தக் கட்டிலுக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

2. எத்தனை வயதிலிருந்து மேலே படுக்க வைக்கலாம்?

ஆறு வயது நிறைந்த பிறகு. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அடுக்குக் கட்டில் விதிகளும், ஐரோப்பாவின் ஈஎன் 747 என்ற தரநிலையும் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேல் படுக்கையில் படுக்க வைக்க வேண்டாம் என்றே எச்சரிக்கின்றன. வயது நிறைந்தாலும், தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கமோ வலிப்பு நோயோ உள்ள பிள்ளைக்கு இந்தக் கட்டில் வேண்டாம்.

வீட்டில் தவழும் குழந்தையோ மூன்று வயதுத் தம்பியோ இருந்தால், யாருக்காகச் செய்கிறோம் என்பதோடு யார் ஏறிவிடுவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் தச்சர், கழற்றி எடுத்து வைக்கும்படி கொக்கியில் மாட்டும் ஏணியைச் செய்து கொடுத்தார். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாளில் அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவோம்.

3. எங்கள் அறை பத்துக்குப் பத்துதான். இடம் போதுமா?

தரையில் இடம் போதும். 75-க்கு 36 அங்குல ஒற்றை மெத்தைக்குக் கட்டிலின் வெளியளவு நீளத்தில் 6 அடி 9 அங்குலமும் அகலத்தில் 3 அடி 3 அங்குலமும் வரும். சாதாரணக் கட்டிலும் கிட்டத்தட்ட இதே இடத்தைத்தான் அடைக்கும்.

சிக்கல் மேலே இருக்கிறது. அறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள்: கான்கிரீட் பரண் எந்தச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஏசியின் காற்று எங்கே விழுகிறது, ஜன்னல் கம்பியும் திரைச்சீலைக் கயிறும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கான்கிரீட் பரணுக்குக் கீழே கட்டிலைப் போட்டால் விடியற்காலையில் எழுந்து உட்காரும் பிள்ளை தலையில் இடித்துக்கொள்ளும். ஏசிக்கு நேராகப் போட்டால் இரவு முழுவதும் குளிர்காற்று முகத்திலேயே வீசும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலுக்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

4. சீலிங் ஃபேன் இடிக்காதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது; பெரும்பாலும் மரம் வாங்கிய பிறகே கேட்கப்படுகிறது. நம் வீடுகளில் மின்விசிறி அறையின் நட்ட நடுவில் தொங்குகிறது. வழக்கமான 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை, நடுவிலிருந்து 2 அடி நீளும். 10 அடி அகல அறையில் நடு என்பது சுவரிலிருந்து 5 அடி. எனவே இறக்கையின் முனை சுவரிலிருந்து 3 அடி தூரத்தில் சுழலும். கட்டிலின் அகலமோ 3 அடி 3 அங்குலம். அதாவது சுவரோடு ஒட்டிப் போட்டாலும் கட்டிலின் ஓரம் இறக்கைக்கு நேர் கீழே 3 அங்குலம் நுழைந்துவிடுகிறது. உயரக் கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை. கூரை 9½ அடி என்றால் இறக்கை ஏறத்தாழ 8½ அடியில் இருக்கும். 5 அடி 1 அங்குல உயரத்தில் உள்ள மெத்தையின்மேல் 4 அடி உயரப் பிள்ளை எழுந்து நின்றால், தலை 9 அடியைத் தாண்டும். "மெத்தைமேல் நிற்கக் கூடாது" என்ற சட்டம் எட்டு வயதில் எத்தனை நாள் செல்லும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

நான் முதலில் செய்த அரைகுறை வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய விசிறியைக் கழற்றிவிட்டு 900 மில்லிமீட்டர் விசிறியை மாட்டினேன். அப்போதும் இறக்கைக்கும் கட்டிலின் ஓரத்துக்கும் இடையே 3 அங்குலம்தான் மிஞ்சியது. முதல் வாரத்திலேயே, மகள் மேலே உட்கார்ந்து போர்வையை உதறியபோது அதன் முனை இறக்கையில் சிக்கியது. விசிறி போர்வையை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, தண்டு வளைந்து நின்றது. அவள் பிடியை விட்டுவிட்டாள், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே, சிறிய அறையில் நடு விசிறியைக் கழற்றுவதுதான் வழி. கழற்றிய இடத்தில் மின்கம்பி முனைகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூடச் செய்யுங்கள். அதற்குப் பதிலாகக் கம்பிக்கூண்டு உள்ள 400 மில்லிமீட்டர் சுவர் விசிறி ஒன்றைக் கால்மாட்டுப் பக்கச் சுவரில், கை எட்டாத தூரத்தில் மாட்டலாம். மேசைக்கு இன்னொன்று தேவைப்படலாம். பெரிய அறையாக இருந்து நடு விசிறியை விட்டுவைப்பதானால், கட்டிலின் ஓரத்துக்கும் இறக்கை முனைக்கும் இடையே கிடைமட்டமாக 3 அடிக்குக் குறையாத தூரம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தத் தூரம் இல்லையென்றால் மரக்கடைக்குப் போக வேண்டாம்.

5. கட்டிலை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

"பெரியவர்கள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு" என்றே பலரும் விரும்புகிறார்கள். 9½ அடிக் கூரையின்கீழ் அப்படி வைத்தால் மேலே தலைக்கு மேல் உள்ள இடம் குறுகிவிடும். விழுந்தால் விழும் உயரமும் கூடும். கீழே நிற்கப்போவது யார், உட்காரப்போவது யார் என்று கேட்டுக்கொண்டால் விடை எளிது. நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் பத்து வயதுப் பிள்ளையின் தலை, தரையிலிருந்து 4 அடிக்குள்ளேயே இருக்கும்.

நாங்கள் வைத்த கணக்கு இது. தரையிலிருந்து பக்கச் சட்டத்தின் அடிப்பாகம் வரை 52 அங்குலம். சட்டத்தின் உயரம் 5 அங்குலம், அதன் மேல்விளிம்புக்குச் சமமாகப் பலகை, ஆக 57. மெத்தை 4 அங்குலம். ஆக 61, அதாவது 5 அடி 1 அங்குலம். கூரைக்கு இன்னும் 53 அங்குலம் மிச்சம் இருப்பதால் விரிப்பு மாற்ற ஏறும் பெரியவரும் நிமிர்ந்து உட்காரலாம். கீழே பெருக்கும்போது நான் குனிகிறேன். இரண்டு முறை இடித்துக்கொண்ட பிறகு அதுவும் பழகிவிட்டது.

6. மரம் நல்லதா, இரும்பு நல்லதா?

இரண்டும் தாங்கும், உங்களுக்குத் தெரிந்த கைவேலைக்காரர் எதில் தேர்ந்தவர் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். மரத்தில் தேக்கு, வேங்கை இரண்டும் இதற்கு ஏற்றவை. ரப்பர் மரப் பலகை பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும். எந்த மரமானாலும் நன்கு காய்ந்திருக்க வேண்டும்; ஈரமரத்தில் போட்ட இணைப்பு, ஒரு கோடை முடிவதற்குள் தளர்ந்துவிடும். இறக்குமதிப் பெட்டிகளின் பழைய கட்டைகளைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அவற்றில் குத்தியுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும்: 'எச்டி' (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது, அதைப் பிள்ளையின் அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

இரும்பு என்றால் 1½ அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். பட்டறையில் 14 கேஜ் என்பார்கள். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்து, குழாய் முனைகளை மூடியால் அடைக்க வேண்டும். முழுக் கட்டிலையும் பட்டறையிலேயே வெல்டிங் செய்துவிடாதீர்கள். என் மைத்துனர் அப்படிச் செய்து கொண்டுவந்த கட்டில் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே அறுத்துத்தான் மேலே ஏற்றினார்கள். தலைப்பக்கம், கால்பக்கம், பக்கச் சட்டங்கள் என்று தனித்தனியாகச் செய்து அறைக்குள் போல்ட் போட்டு இணைக்க வேண்டும்.

7. எவ்வளவு மரம் வாங்க வேண்டும்? கடைக்காரர் சொல்லும் கணக்கு புரியவில்லை.

மரம் கன அடியில் விற்கப்படுகிறது. அங்குலத்தில் உள்ள அகலத்தையும் கனத்தையும் பெருக்கி, 144-ஆல் வகுத்து, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கினால் கன அடி வந்துவிடும். 3-க்கு 3 அங்குலத்தில் 6 அடி நீளமுள்ள நான்கு கால்கள் 1½ கன அடி. 5-க்கு 1½ அங்குலச் சட்டங்கள், நீளவாக்கில் இரண்டும் குறுக்கில் இரண்டுமாக, ஏறத்தாழ 1 கன அடி. தடுப்புப் பலகைகளுக்கு 1 கன அடிக்குச் சற்று மேல். ஏணிக்கும், பலகை தாங்கும் உள்சட்டத்துக்கும் முக்கால் கன அடி. கூட்டினால் 4¼-ஐத் தாண்டும். இழைப்புளியில் சீவிப் போவதையும் சேர்த்து 5 கன அடி வாங்கினோம், ஒரு முழநீளத் துண்டு மட்டும் மிஞ்சியது.

8. அடிப்பலகைக்குக் கடையில் '303 வேண்டுமா, 710 வேண்டுமா' என்கிறார்களே?

அவை இந்தியத் தர எண்கள். ஐஎஸ் 303 வீட்டு உபயோகப் பிளைவுட்டுக்கானது, ஐஎஸ் 710 நீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கானது. கட்டில் பலகை தண்ணீரில் நனையப்போவதில்லை என்பதால் 303-இல், கொதிநீரைத் தாங்கும் என்ற பொருளில் பிடபிள்யூஆர் (BWR) என்று குறிக்கப்படும் ரகமே போதும். முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 8-க்கு 4 அடித் தாளில் 19 மில்லிமீட்டர் கனம் வாங்கினால், மெத்தை அளவுக்கு வெட்டிய பிறகு நீளவாக்கில் 1 அடி அகலத் துண்டு மிஞ்சும். அது மேசைக்கு மேல் புத்தகத் தட்டாகிவிடும். பலகை முழுவதும் பரவலாக ஓர் அங்குலத் துளைகள் போடச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் காற்றுப் போகாத பலகைமேல் கிடக்கும் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

துகள் பலகையையும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையையும் காலுக்கோ சட்டத்துக்கோ பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை ஸ்குரு தளர்ந்தால் அந்தத் துளையில் மறுபடி பிடிப்பு இருக்காது.

9. தெரிந்தவர் வீட்டில் ஏறும்போதெல்லாம் கட்டில் ஆடுகிறது. ஏன்?

நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் மட்டும் உள்ள சட்டகம், எத்தனை தடித்த மரத்தில் செய்தாலும், பக்கவாட்டில் சாயத்தான் பார்க்கும். அதைத் தடுப்பது முக்கோணம். பின்பக்கக் கால்களுக்கிடையே மூலைவிட்டமாக ஒரு சட்டமோ, ஒரு பிளைவுட் தாளோ அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். இல்லையென்றால் கட்டிலைச் சுவரோடு பிணைக்க வேண்டும்.

இன்னொரு காரணம் இணைப்பு. ஆணியும் மரப்பசையும் மட்டும் போதாது. சட்டம் காலைச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் 10 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு, வாஷரோடு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் சட்டம் அதையே அச்சாகக் கொண்டு சுழலும். எங்கள் தச்சர் காலில் அரை அங்குலப் பள்ளம் செதுக்கி, சட்டம் அதற்குள் உட்காரும்படி செய்தார். எடையை மரம் தாங்குகிறது, போல்ட் அதைப் பிடித்துக்கொள்ள மட்டும் செய்கிறது. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் ஸ்பானரால் முறுக்கிப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கோடை முடிவிலும்.

10. பிள்ளை தூக்கத்தில் பாய்விட்டுப் பாய் உருளும். தடுப்பு எவ்வளவு உயரம் வேண்டும்?

தடுப்பின் உயரத்தைப் பலகையிலிருந்து அளக்கக் கூடாது, மெத்தையின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். இரண்டாம் கேள்வியில் சொன்ன அமெரிக்க விதி குறைந்தது 5 அங்குலம் என்கிறது, ஐரோப்பியத் தரநிலை 16 சென்டிமீட்டர் என்கிறது. இவை கீழ் எல்லைகள். நாங்கள் 10 அங்குலம் வைத்தோம். பலகை மட்டத்திலிருந்து 3 அங்குல இடைவெளி, 4 அங்குலத் தடுப்புப் பலகை, மறுபடி 3 அங்குல இடைவெளி, மறுபடி 4 அங்குலப் பலகை என்று போனால், ஐந்தாம் கேள்வியின் கணக்குப்படி மேல்விளிம்பு 71 அங்குலத்தில் முடியும். 6 அடிக் காலில் ஓர் அங்குலம் மிஞ்சும்.

இடைவெளியை அகலமாக விட்டால் ஆபத்து வேறு விதத்தில் வரும். பிள்ளையின் உடல் நழுவிப் போய்த் தலை மட்டும் மாட்டிக்கொள்ளக்கூடிய இடைவெளியே உயிருக்கு ஆபத்தானது. 3½ அங்குலத்துக்கு மேல் எங்கும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. சுவர்ப் பக்கம் சுவரே தடுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். கட்டில் சற்று நகர்ந்தால் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே அப்படிப்பட்ட இடுக்கு உண்டாகும். அதனால் அந்தப் பக்கமும் முழு நீளத்துக்குத் தடுப்பு வேண்டும்.

11. ஏணியா, படிக்கட்டா?

இடம் இருந்தால் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் இழுப்பறையாகிவிடும். அதற்கு ஒன்றரை அடி அகலம் கூடுதலாக வேண்டும் என்பதால் பத்தடி அறையில் ஏணிதான் வாய்க்கிறது. உருண்டைக் கம்பிகள் உள்ளங்காலை வருத்தும். 3 அங்குலத்துக்குக் குறையாத தட்டைப் படிகளை 10 அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரே சீராக வையுங்கள். ஏறும் வழியில் தடுப்புக்கு இடையே 15 அங்குலத்துக்கு மேல் திறப்பு வேண்டாம். இரவில் பாத்ரூம் போக இறங்கும்போதுதான் கால் தவறுகிறது. ஏணியின் அடியில் ஒரு சிறு இரவு விளக்கும், ஏணியைப் பார்த்தபடியே இறங்கும் பழக்கமும் தேவை.

12. வாடகை வீடு. சுவரில் துளை போட ஓனர் சம்மதிக்கமாட்டார்.

ஒன்பதாம் கேள்வியில் சொன்ன மூலைவிட்டச் சட்டத்தைப் பின்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் போட்டால் சுவரின் துணை வேண்டியதில்லை. கால்களுக்கு அடியில் ரப்பர் மூடி போடுங்கள். டைல்ஸ் தரையில் கட்டில் நகராது, தினமும் துடைக்கும் தண்ணீரும் மரத்தில் ஏறாது. தரைத்தள வீடுகளில் கரையானும் கால் வழியாகவே ஏறும் என்பதால், மாதம் ஒருமுறை கட்டிலைச் சற்று நகர்த்திப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

துளை போட அனுமதி இருந்தாலும் சுவர் எதனால் ஆனது என்று தட்டிப் பாருங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் உட்புற வெற்றிடத்தில் சுழலுமே தவிரப் பிடிக்காது.

13. பழைய இலவம்பஞ்சு மெத்தையையே போடலாமா?

போடலாம், ஆனால் உயரம் பார்த்துப் போடுங்கள். புதிதாகத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை 6 அங்குலம் எழும்பி நிற்கும். பத்தாம் கேள்வியில் கணக்கிட்ட தடுப்பில் 2 அங்குலம் அப்படியே போய்விடும். அடிக்கடி வெயிலில் உலர்த்த வேண்டிய மெத்தையை அந்த உயரத்திலிருந்து இறக்கி ஏற்றுவதும் சிரமம். 4 அங்குலத் தென்னைநார் மெத்தை இதற்கு வசதி.

14. மேலே வெக்கையாக இருக்காதா?

இருக்கும். சூடான காற்று மேலே தங்கும். அதிலும் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தால், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், நள்ளிரவு வரை அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மாடித்தளத்துக்குச் சூடு தணிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பது ஓரளவு உதவும். கடைசி மாடியில் ஏசியும் இல்லை என்றால், ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை கீழே பாய் விரித்துப் படுக்கும் என்று இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

15. கொசுவலை எப்படிக் கட்டுவது?

கயிற்றால் கட்டாதீர்கள். மேல் படுக்கையில் கயிறு, துப்பட்டா, ஸ்கிப்பிங் கயிறு என எதுவும் தொங்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொண்டு நழுவினால் பேராபத்து. ஜன்னலுக்கே வெல்க்ரோ வலை ஒட்டுவது எல்லாவற்றையும்விட எளிது.

16. ஏணியை எந்தப் பக்கம் வைத்தாலும் தலை வடக்கே வருகிறது என்று பாட்டி சொல்கிறார். என்ன செய்வது?

தலையணையை மறுமுனைக்கு மாற்றிவிடலாம். ஆகவே சுவர்விசிறியை மாட்டும் முன் தலைமாடு எது என்று பாட்டியிடமே கேட்டு முடிவு செய்துவிடுங்கள். உத்திரத்துக்குக் கீழே தலை வைக்கக் கூடாது என்றும் அவர் சொல்லியிருப்பார். அதைத் தட்டாமல் கேளுங்கள்: கான்கிரீட் உத்திரம் கூரையிலிருந்து முக்கால் அடிக்கு மேல் இறங்கியிருக்கும், அங்கே பிள்ளை எழுந்து நின்றால் தலை இடிக்கும்.

17. எந்த பெயிண்ட் அடிக்கலாம்?

வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்று 2016-இல் இந்தியாவில் விதி வந்தது. அந்த அளவு அச்சிட்ட டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்க வேண்டாம். அடித்த பிறகு வாடை முற்றிலும் போகும் வரை அறையின் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

18. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மேலே படுக்கலாமா? எவ்வளவு எடை தாங்கும்?

எடையைத் தாங்கும், மேலே சொன்ன அளவுகளில் செய்த கட்டிலின்மேல் நானும் மைத்துனரும் ஏறி உட்கார்ந்து, குலுக்கியும் பார்த்துவிட்டுத்தான் மகளை ஏற்றினோம். ஆனால் 3 அடி மெத்தையில் இருவர் படுத்தால் ஒருவர் தடுப்பின்மேல் தள்ளப்படுவார். விளையாட்டும் குதியாட்டமும் கூடும். படுக்க ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

19. பிள்ளை வளர்ந்த பிறகு, அல்லது மேலே ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டால், எல்லாம் வீணா?

பசை வைத்து ஒட்டாமல் போல்ட் போட்டுச் செய்திருந்தால் வீணாகாது. மூலைவிட்டச் சட்டத்தைக் கழற்றி, நான்கு கால்களிலும் அடியிலிருந்து 42 அங்குலத்தை அறுத்துவிட்டால், சட்டத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 10 அங்குலத்திலும் மெத்தையின் மேற்பரப்பு 19 அங்குலத்திலும் வந்து நிற்கும். அது சாதாரணக் கட்டிலின் உயரம். முன்பக்கத் தடுப்பைக் கழற்றிவிடலாம். எங்கள் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நாற்காலியிலிருந்து எழும்போது தலை சட்டத்தில் தட்டத் தொடங்கிவிட்டது. தச்சர் கால்களில் 42 அங்குலத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.